நாடகங்களில் கண்டியின் கடைசி அரசி

கண்டி இராச்சியத்தின் வீழ்ச்சியை நாடகமாக்காத தலைமுறை இந்நாட்டில் இல்லை எனலாம். செய்யுளாகவும், நூர்த்தி நாடகமாகவும், வடபுலத்து நாட்டுக்கூத்தாகவும், பள்ளிக்கூட மேடை நாடகமாகவும், திரைப்படமாகவும் அக்கதை திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. அதில் இரண்டு பெண்மணிகள் வருகின்றனர். ஒருவர் எஹலபொல குமாரிஹாமி. அவர் அரசியல்லர், முதன்மை அதிகாரமாக இருந்த எஹலபொலவின் மனைவி. மற்றவர் வேங்கட ரங்கம்மாள். மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் பட்டத்தரசி. முன்னவருக்காக இரு நூற்றாண்டுகளாக மக்கள் கண்ணீர் சிந்தி வருகின்றனர். பின்னவர் மேடையின் ஓரத்திலே, சிம்மாசனத்துக்குப் பக்கத்திலே, பேச்சின்றி நிற்கிறார். இந்த வேறுபாடு எவ்வாறு ஏற்பட்டது, நாடகங்களைப் பார்த்து மதிப்புரைத்தோர் இதனை எவ்வாறு நோக்கினர் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கதையின் பின்னணியை முதலில் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். கண்டி மன்னர்கள் மதுரையிலிருந்து பெண்ணெடுக்கும் வழக்கமுடையோர். 1739ஆம் ஆண்டில் மன்னன் மகவின்றி இறந்தபோது, அரசியின் உடன்பிறந்தானே அரியணை ஏறினான். அன்று தொடங்கிய நாயக்கர் ஆட்சி 1815 வரை நீடித்தது. அம்மரபின் கடைசி மன்னனே 1798இல், பதினெட்டு வயது இளைஞனாக முடிசூடிய கண்ணுசாமி என்னும் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். அவனை அரியணையில் ஏற்றிவைத்த பிலிமத்தலாவை அதிகாரம் பின்னர் அவனாலேயே கொல்லப்பட்டார். அவ்விடத்துக்கு வந்த எஹலபொல 1814இல் சப்பிரகமுவாவிலே கிளர்ச்சி செய்து, அது தோல்வியுறவே ஆங்கிலேயரிடம் கொழும்புக்குத் தப்பியோடினார். தலைவர்களின் குடும்பத்தவரைத் தலைநகரில் பிணையாக வைத்திருப்பது கண்டியரசின் வழக்கம். எஹலபொலவின் மனைவியும் மக்களும் அவ்வாறே கண்டியில் இருந்தனர். 1814 மே மாதம் 17ஆம் நாள் பிள்ளைகள் தாயின் கண்முன்னே வெட்டப்பட்டனர். தாய் நீரில் அமிழ்த்திக் கொல்லப்பட்டாள்.

அண்ணன் தாயின் பின்னே ஒளிந்துகொள்ள, இளையவனான மத்தும பண்டா அஞ்சாது முன்வந்து கழுத்தை நீட்டினான் என்பது இக்காட்சியின் உச்சம். இதைக் கேட்டு நெஞ்சு கலங்காதவர் இரார். பிள்ளைகளின் தலைகளை உரலிலிட்டு இடிக்குமாறு தாய் பணிக்கப்பட்டாள் என்ற செய்தியும் இதனோடு சேர்ந்தே வருகிறது. இவற்றை ஆங்கிலத்தில் விரிவாக எழுதி உலகறியச் செய்தவர் ஜோன் டேவி என்னும் இராணுவ வைத்தியர். அவருடைய நூல் 1821இல் வெளிவந்தது. நகர மக்கள் இரண்டு நாட்கள் அடுப்பு மூட்டாது துக்கம் காத்தனர் என்ற செய்தியும் அவர் எழுதியதே. ஆனால் டேவி இலங்கைக்கு வந்தது 1816இல் என்பதை நாம் மறந்துவிடலாகாது. சம்பவம் நடந்து ஈராண்டுகள் கழிந்த பின்னர், ஆட்சி கைமாறிய பின்னர், பிறர் வாய்மொழியாகக் கேட்டதையே அவர் எழுதினார்.

வாய்மொழியை நான் குறைத்துப் பேசவில்லை. எங்கள் மாத்தளை நகருக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையிலேதான், பல தலைமுறைகளாக நினைவில் காக்கப்பட்ட பௌத்த திருமறை முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது என்பர். ஆயினும் மறையை மனனஞ் செய்தோருக்கு ஒரு சொல்லேனும் பிறழலாகாது என்ற கட்டுப்பாடு இருந்தது. மன்னனின் கொடுமையைச் சொல்லி வந்தோருக்கு அத்தகைய கட்டுப்பாடு எதுவும் இருக்கவில்லை. ஆங்கிலேயருக்கோ, அக்கதை பெருகப் பெருக நன்மையே விளைந்தது. ஒரு நாட்டைக் கைப்பற்றியவர்கள், அந்நாட்டு மக்களைக் கொடுங்கோலனிடமிருந்து மீட்டோம் என்று சொல்லிக்கொள்வதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

சிங்களச் செய்யுளிலே 'எஹலபொல ஹட்டன' என்னும் போர்க்காவியம் எஹலபொலவின் புகழைப் பாடுகிறது. தலைவனைப் புகழ எழுந்த பாடலிலே தலைவனின் பகைவனுக்கு நீதி கிடைக்குமென்று எதிர்பார்ப்பது தவறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோன் த சில்வா என்னும் சட்டத்தரணி, நூர்த்தி மேடைக்குக் கண்டி வரலாற்றைக் கொண்டு வந்தார். அவருடைய 'ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க' நாடகம் 1906இல் மேடையேறியது. வட இந்தியாவிலிருந்து வந்த விசுவநாத் லௌஜி அவருடைய நாடகங்களுக்கு இசையமைத்தார். நம் மன்னர்களையும் நம் பண்பாட்டையும் மறந்து, மேனாட்டு நடையுடை பாவனையில் மயங்கிக் கிடந்த கொழும்பு மக்களுக்கு நினைவூட்டுவதே ஜோன் த சில்வாவின் நோக்கம். அவர் நாடகங்களைப் பார்த்தவர்கள், தலைவர்களின் ஒற்றுமையின்மையே நாட்டை அந்நியரிடம் ஒப்புக்கொடுத்தது என்ற பாடத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். அக்காலத்துக்கு அது பயன்மிக்க பாடமே. எனினும் மதுரையிலிருந்து வந்து கண்டியில் வாழ்ந்த ஒரு பெண்ணின் உள்ளத்தைத் திறந்து காட்டுவது அந்த மேடையின் நோக்கமாக இருக்கவில்லை.

இங்கே ஒரு சிறு செய்தி. சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் மாணவியர் இக்கதையை மேடையேற்றப் பயிற்சி செய்தனர். குமாரிஹாமி வேடத்துக்கு நான்கைந்து பேர் போட்டியிட்டனர். மத்தும பண்டாவாக நடிக்க ஒரு சிறுமி அழுதே விட்டாள். அரசி வேடத்தை ஏற்க எவரும் முன்வரவில்லை. இறுதியில் உயரமான ஒரு மாணவியைப் பிடித்து நிறுத்தினார்கள். அவள் இரண்டு நாள் ஒத்திகைக்குப் பின் என்னிடம் வந்து, "சேர், இராணிக்கு ஏன் ஒரு வசனமுமில்லை?" என்று கேட்டாள். நாடகத்தைத் தயாரித்த ஆசிரியை, அரசி அப்போது என்ன பேசினாள் என்பதற்குச் சரித்திரத்தில் ஆதாரமில்லை என்று விடை சொன்னார். அது நேர்மையான விடைதான். ஆனால் அதே நாடகத்தில் மன்னனுக்குப் பத்துப் பக்க வசனம் இருந்தது. அதற்கு ஆதாரம் எங்கிருந்து கிடைத்தது என்று அந்த மாணவி கேட்கவில்லை. அவளுக்குப் பதிலாக நான் கேட்கிறேன்.

ரங்கம்மாளைப் பற்றி நாம் அறிந்தவை சிலவே. ஆயினும் அவை வலிமையானவை. 1815 பெப்ரவரியில் ஆங்கிலப் படைகள் கண்டியை நோக்கி வந்தபோது மன்னன் குடும்பத்துடன் தும்பறைப் பகுதிக்குச் சென்று, மெதமகாநுவரைக்கு அண்மையில் ஓர் ஆராச்சியின் வீட்டில் மறைந்திருந்தான். பெப்ரவரி 18ஆம் நாள், எஹலபொலவின் பக்கத்தைச் சேர்ந்த எக்னெலிகொடவின் ஆட்கள் அவ்வீட்டைச் சூழ்ந்துகொண்டனர். மன்னனைக் கொடியினால் கட்டி இழுத்தனர். உடனிருந்த அரசியரின் அணிகலன்களைப் பறித்தனர். காதணிகளை இழுத்த இழுப்பில் செவிகள் கிழிந்து குருதி வடிந்தது. அங்கே சென்று சேர்ந்த அரசாங்க மொழிபெயர்ப்பாளர் வில்லியம் அட்ரியன் டயஸ் பண்டாரநாயக்க தாம் கண்டதை எழுதி வைத்தார். அதனாலேயே அந்தக் கிழிந்த செவிகளை நாம் இன்று அறிவோம். மன்னனைப் பிடிக்கும் முயற்சியைப் பல ஆண்டுகளாக ஒற்றர் மூலம் நடத்தி வந்த ஜோன் டொயிலி அதன்பின் வந்தார். அரச குடும்பத்தவர் பல்லக்கில் ஏற்றப்பட்டுக் கொழும்புக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

மார்ச் 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கை எழுதப்பட்டது. மன்னன் அரசுரிமையை இழந்தான் என்பதோடு அது நிற்கவில்லை. மன்னனின் உறவினரெனப்படும் 'மலபார்' ஆடவர் எவரும் கண்டி மாகாணங்களுக்குள் அடியெடுத்து வைக்கலாகாது, வைத்தால் பகைவராகக் கொள்ளப்படுவர் என்றும் அது விதித்தது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டில் ஆண்டவர்கள் ஒரு நாளில் அயலாராயினர். அந்தச் சொல் பின்னர் எத்தனை வாயில் எத்தனை விதமாக வழங்கியது என்பதை மலைநாட்டிலே தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் என் போன்றோர் நன்கறிவோம். வரலாற்றுப் பாட நூலில் இந்த அத்தியாயம் வரும்போது வகுப்பறையில் ஓர் அமைதி ஏற்படும். அந்த மன்னன் நம்மவனா, அயலவனா, கொடியவனா, வஞ்சிக்கப்பட்டவனா என்ற கேள்வி பிள்ளைகளின் முகத்தில் எழும். ஆகவே இது வெறும் மேடைக் கதையன்று.

இனி மேனாட்டுக்குச் சற்றே செல்வோம். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி மன்னனின் இரண்டாம் மனைவியான ஆன் பொலின் 1536 மே 19ஆம் நாள் இலண்டன் கோட்டையில் தலை துணிக்கப்பட்டாள். அவள் கதையைக் கொண்டு எழுந்த நாடகங்களுக்கும் திரைப்படங்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் கணக்கில்லை. 2021இல் இங்கிலாந்தின் ஐந்தாம் அலைவரிசை, அவளுடைய வாழ்வின் இறுதி மாதங்களை மூன்று பகுதிகளாக ஒளிபரப்பியது. கறுப்பின நடிகையான ஜோடி டர்னர் ஸ்மித் அரசியாக நடித்தார். ஒளிபரப்புக்கு முன்னரே வாதம் மூண்டது. விமர்சனங்கள் பலவற்றில் நடிகையின் நிறமே பெரும் பகுதியைப் பிடித்துக்கொண்டது. அரசியின் அச்சம், அறிவு, பிள்ளைப் பேற்றின் துயரம் ஆகியவற்றை அந்நாடகம் எவ்வாறு காட்டியது என்ற கேள்வி பின்தள்ளப்பட்டது. அது நடிகைக்கும் நட்டம், அரசிக்கும் நட்டம் என்பதே என் எண்ணம்.

ஆன் பொலினுக்கும் ரங்கம்மாளுக்கும் வேறோர் ஒற்றுமை உண்டு. ஆன் பொலினைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி, அவளை வெறுத்த யூஸ்டஸ் ஷப்புய் என்னும் பேரரசர் தூதரின் கடிதங்களிலிருந்து வந்தது. கண்டியின் இறுதி ஆண்டுகளைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி டொயிலியின் நாட்குறிப்பிலிருந்தும் கடிதங்களிலிருந்தும் வந்தது. 1810 முதல் 1815 வரையிலான அந்நாட்குறிப்பு 1917இல் அச்சேறியது. எதிரியின் பேனாவே இருவருக்கும் முதற் சாட்சி. ஆனால் ஆங்கிலேயர் அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து, அரசியை நடுவில் நிறுத்தி, நூற்றுக்கணக்கான நூல்களை எழுதிவிட்டனர். நமது அரசிக்கு அந்த விசாரணை இன்னும் நடக்கவில்லை.

அரசனுக்கோ அது நடந்துவிட்டது. 1846இலேயே ஹென்றி மார்ஷல் என்ற மற்றோர் இராணுவ வைத்தியர், கண்டி மன்னன் மீது சுமத்தப்பட்ட பழிகளை ஒருபக்கமாக ஏற்க மறுத்து, தம் நாட்டவரின் செய்கைகளையும் எடை போட்டார். நம் காலத்தில் கணநாத் ஒபேசேகர 2017இல் வெளியிட்ட நூலில், மன்னனின் கொடுங்கோன்மைச் சித்திரம் எவ்வாறு தீட்டப்பட்டது, அதில் டொயிலியின் கை எவ்வளவு என்பதை ஆராய்ந்தார். அழிவுக்கு விதிக்கப்பட்ட மன்னன் என்பதே அந்நூலின் தலைப்பின் கருத்து. அதை வாசித்தபின் பழைய நாடகங்களைப் பழைய கண்ணோடு பார்த்தல் அரிது.

திரைப்படங்களுக்கு வருவோம். 2014இல் சுனில் ஆரியரத்னவின் 'எஹலபொல குமாரிஹாமி' வெளிவந்தது. உதாரி வர்ணகுலசூரிய அதில் குமாரிஹாமியாக நடித்தார். நான்கு ஆண்டுகளின் பின்னர், 2018இல், தேவிந்த கோன்கஹகேயின் 'கிரிவெசிபுர' வந்தது. அதில் புபுது சதுரங்க மன்னனாகவும், தமிழ் நடிகையான நிரஞ்சனி சண்முகராஜா ரங்கம்மாளாகவும் நடித்தனர். முதற் படத்தின் பார்வை குமாரிஹாமியின் வீட்டு முற்றத்திலிருந்து தொடங்குகிறது. இரண்டாவது படத்தின் பார்வை அரண்மனைக்குள்ளிருந்து வருகிறது. ஒரே கண்டியை இரண்டு வாசல்களால் பார்த்ததனால் இரண்டு நகரங்கள் தோன்றின.

இப்படங்களைப் பற்றி நான் வாசித்தவற்றிலும் கேட்டவற்றிலும் பெரும்பாலானவை, மன்னன் கொடியவனா நல்லவனா என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே சுழன்றன. அடுத்தபடியாக ஆடையணிகள் காலத்துக்கேற்றவையா, போர்க்காட்சிகள் சிறந்தனவா என்று ஆராய்ந்தனர். இவையும் வேண்டியவைதாம். ஆனால் தமிழ் பேசும் நடிகையொருவர் தென்னாட்டிலிருந்து வந்த அரசியாகச் சிங்களத் திரையில் தோன்றியது சிறிய செய்தியன்று. 1815இல் உடன்படிக்கை எழுதி வெளியேற்றிய ஒரு குடும்பத்தின் பெண்ணுக்கு, இருநூறு ஆண்டுகள் கழித்துச் சிங்களக் கலைஞர்களே திரையில் இடமளித்தனர். விமர்சகர்கள் அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்க வேண்டும். இரண்டு வரி எழுதியோரே மிகுதி.

நல்ல நாடகாசிரியர் ஒருவர் கண்டிக்கு வந்து நாத தேவாலயத்துக்கும் மகா விஷ்ணு தேவாலயத்துக்கும் இடையே சிறிது நேரம் நிற்பாராக. குமாரிஹாமியின் பிள்ளைகள் கொல்லப்பட்ட இடம் அதன் அருகேதான் என்பர். அரசியின் மாளிகை அதற்கு எதிரே இருந்தது. ஒரு புறம் பிள்ளைகளைப் பறிகொடுக்கும் தாய். மறுபுறம் அதே முற்றத்தைப் பார்த்த சாளரங்களையுடைய வீட்டில் மற்றொரு பெண். ஒன்பது மாதங்கள் கழித்து அவளுடைய செவிகளும் கிழியப்போகின்றன. கிரேக்க நாடகாசிரியர் எவரிடமேனும் இந்த முற்றத்தைக் கொடுத்திருந்தால் மன்னனைத் திரைக்குப் பின்னே அனுப்பிவிட்டு, இவ்விரு பெண்களையே பேச வைத்திருப்பார். நம்மவர்கள் மன்னனையே பேச வைத்தனர்.

குமாரிஹாமி எங்கள் மாத்தளைப் பகுதியோடு தொடர்புடைய மொனரவிலைக் குடும்பத்துப் பெண். கெப்பெட்டிபொல திசாவை அவளுடைய உடன்பிறந்தவர் என்பர். இவருடைய பிற்கால வரலாறு நாடகங்கள் சொல்லும் எளிய கதையைக் குலைத்துவிடுகிறது. 1817இல் ஊவாவில் கிளர்ச்சி தொடங்கியபோது, வில்பாவே என்னும் ஒருவன் தன்னைத் துரைசாமி என்று கூறிக்கொண்டு, நாயக்கர் அரச குடும்பத்தவன் என்று உரிமை கோரினான். கிளர்ச்சியை அடக்குமாறு ஆங்கிலேயர் கெப்பெட்டிபொலவை அனுப்பினர். அவர் கிளர்ச்சியாளரோடு சேர்ந்தார். ஆங்கிலேயர் தமக்குக் கொடுத்திருந்த துப்பாக்கிகளை அவர்களிடமே திருப்பியனுப்பிவிட்டார். சகோதரியைக் கொன்ற மன்னனின் குலத்தவன் என்று சொல்லிக்கொண்டவனுக்காக அச்சகோதரன் போரிட்டார். 1818 நவம்பர் 26ஆம் நாள் அவர் தலை துணிக்கப்பட்டது. மண்டையோடு ஸ்கொத்லாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1954இல்தான் தாய்நாடு திரும்பியது.

நாயக்கர் குலத்தை மக்கள் முழுமனதாக வெறுத்திருந்தால் வில்பாவேக்குத் துரைசாமி என்னும் பெயர் எதற்குப் பயன்பட்டிருக்கும்? மூன்றே ஆண்டுகளில், அந்தப் பெயரைச் சொன்னால் மலைநாடு எழும் என்று அவன் கணக்கிட்டான், கணக்குத் தவறவில்லை. இதைக் கருத்திற் கொண்டு குமாரிஹாமி கதையை மேடையேற்றியவர் எவரையும் நான் இதுவரை கண்டதில்லை. அவள் துயரம் உண்மையானது. அத்துயரத்தை ஓரினத்தின் மீதான குற்றப்பத்திரமாக்கியது பிற்காலத்தார் வேலை. அவளுடைய சொந்த வீட்டாரே அதை அவ்வாறு கொள்ளவில்லை.

ரங்கம்மாளின் எஞ்சிய வாழ்வைச் சொல்லி முடிக்கிறேன். கொழும்பில் ஓராண்டளவு காவலில் இருந்த பின்னர், 1816 ஜனவரி 24ஆம் நாள் மன்னனும் அரசியரும் உறவினரும் 'கோர்ன்வாலிஸ்' என்னும் போர்க்கப்பலில் ஏற்றப்பட்டனர். வில்லியம் கிரான்வில் என்னும் அதிகாரி உடன் சென்று பயணக் குறிப்பு எழுதினார். சென்னையில் இறங்கி, வேலூர்க் கோட்டைக்குச் சென்றனர். மதுரையிலிருந்து மணப்பெண்ணாகக் கடல் கடந்தவள், கைதியின் மனைவியாகத் தமிழகத்துக்கே மீண்டாள். மன்னன் அங்கு பதினாறு ஆண்டுகள் வாழ்ந்து, 1832 ஜனவரி 30ஆம் நாள் இறந்தான். அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கு இலங்கை சுதந்திரம் பெற்ற பின்னரும் சில காலம் இந்நாட்டிலிருந்து உதவிப்பணம் சென்றது.

கண்டியின் சிம்மாசனம் 1934இல் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்தது. கொழும்பு அருங்காட்சியகத்திலே அதைக் காணலாம். பிடிபட்ட நாளில் அரசி அணிந்திருந்ததெனக் கூறப்படும், குருதிக்கறை படிந்த மேற்சட்டையொன்றும் பேணப்பட்டு வருகிறது. மாணவரை அழைத்துச் செல்லும்போதெல்லாம் அவர்கள் சிம்மாசனத்தின் முன் நெடுநேரம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வேலூரில் பாலாற்றங்கரையிலே முத்து மண்டபம் எனப்படும் நினைவிடத்தில் மன்னனின் கல்லறை இருக்கிறது. உறவினரின் கல்லறைகளும் அங்கேயே உள்ளன. இலங்கையிலிருந்து யாத்திரை செல்வோரிற் சிலர் இப்போது அங்கும் சென்று மலர் வைத்து வருகின்றனர்.